ஏணிக்கு உடைத்த தேங்காய்

வாய்ப்பு என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சொல்லின் மேல் குற்றமில்லை. பெங்களூரிலிருந்து வந்த ஒரு கன்சல்டன்ட் எங்கள் கம்பெனி மீட்டிங் ரூமில் உட்கார்ந்துகொண்டு ஒரு காலை முழுக்க அதையே மென்றுகொண்டிருந்தார். கடலுக்குள் வரப்போகிற காற்றாலைகள் வெளிநாட்டு சப்ளையர்களுக்கு எப்பேர்ப்பட்ட வாய்ப்பு, அவர்கள் இங்கே வந்தால் நமக்கு எப்பேர்ப்பட்ட வாய்ப்பு என்று படம் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு படத்திலும் நீலக் கடல், வெள்ளைத் தூண், உச்சியில் மூன்று இறக்கை. எதிலும் மனிதர் ஒருவர்கூட இல்லை. இருந்திருந்தால் அவர் எதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவார் என்ற கேள்வி வந்திருக்கும். அந்த ஏணியைச் செய்யத்தான் எங்களைக் கேட்டிருந்தார்கள்.

நான் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். இரும்புக் குழாயையும் தகட்டையும் வெட்டி, வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்து அனுப்புகிற கம்பெனி. சொந்த ஊர் மத்தூர்ப் பக்கம். மத்திகிரியில் வாடகை வீடு. காலையில் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, நாள் முழுக்க மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடித்துவிட்டு, நின்றுகொண்டே திரும்புகிற வேலை. இந்த வேலைக்கு வருவதற்கு முன்னாலேயே எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். வந்த பிறகு அதற்குச் சம்பளமும் கிடைத்தது.

எங்களைத் தேடி வந்தது ஒரு ஐரோப்பிய கம்பெனி. கடலில் நிற்கிற காற்றாலைகளுக்கு ஏணி, கைப்பிடி, நடைமேடை என்று இரும்புச் சாமான்களை சப்ளை செய்கிறவர்கள். தூத்துக்குடிக்கு வெளியே கடலில் காற்றாலை நடப்போகிறார்கள், டெண்டர் வரப்போகிறது, வந்தது, திரும்பப் போனது, மறுபடி வரும் என்றெல்லாம் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இங்கே விற்க வேண்டுமானால் கொஞ்சமாவது இங்கேயே செய்ய வேண்டியிருக்கும் என்று அவர்கள் முன்கூட்டியே ஆள் பிடிக்க வந்தார்கள். கடலே இல்லாத ஓசூருக்கு ஏன் வந்தார்கள் என்றால், இங்கேதான் வெல்டரும் கிடைப்பார், பெங்களூர் விமான நிலையமும் பக்கம். எங்கள் முதலாளி இன்னொரு காரணமும் சொன்னார். இது குளிர்ந்த ஊர், உப்புக் காற்று கிடையாது, பெயின்ட் அடிக்க இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டிலேயே இல்லை என்றார். அதைக் கேட்டு அந்த ஐரோப்பிய கம்பெனியின் வெள்ளைக்காரர் தலையாட்டியதாகக் கன்சல்டன்ட் சொன்னார்.

கடல் சாமானில் பெயின்ட்தான் உயிர். படகிலிருந்து தூணுக்கு ஏறுகிற ஏணியில் அலை அடித்துக்கொண்டே இருக்கும். பெயின்ட் அடிக்கும் முன் இரும்பின் மேல் கொஞ்சம் உப்பு இருந்துவிட்டால் போதும், அது வெளியிலிருந்து ஈரத்தை இழுத்து, பெயின்ட்டை உள்ளேயிருந்தே கொப்பளிக்க வைத்துவிடும். அப்புறம் துரு. அப்புறம் ஒருநாள் யாரோ ஒருவரின் கை வழுக்கும். அதனால் பெயின்ட்டுக்கு முன்னால் உப்புச் சோதனை உண்டு. இரும்பின் மேல் சின்னதாக ஒரு பசைப்பட்டை ஒட்டி, அதற்குள் சுத்தமான தண்ணீரை ஊசியால் ஏற்றி, திரும்ப எடுத்து மீட்டரில் பார்ப்போம். தண்ணீரில் உப்பு ஏறியிருந்தால் மீட்டர் சொல்லிவிடும். மீட்டருக்கு முதலாளி யார், தொழிலாளி யார் என்று தெரியாது.

பெயின்ட்டுக்கு முன்னால் இன்னொரு வேலை, பிளாஸ்டிங். ஒரு மூடின அறைக்குள் நின்று, காற்றழுத்தத்தில் இரும்புப் பொடியைக் குழாய் வழியாகப் பீய்ச்சி, சாமானின் மேல் இருக்கிற துருவையும் அழுக்கையும் உரித்தெடுப்பது. முடித்ததும் இரும்பு வெள்ளை வெளேரென்று இருக்கும். அதைக் கையால் தொடக் கூடாது. சீக்கிரம் பெயின்ட் அடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்று பட்டே துருவேறிப் பழுக்க ஆரம்பித்துவிடும்.

எங்களிடம் அதைச் செய்தவர் ஒரு பாய். எல்லோருக்கும் அவர் பாய்தான். சிங்காரப்பேட்டைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், தலைக்குத் தவறாமல் மை போடுகிறவர். கம்பெனிக்குப் பாதிக் கூரைதான் இருந்த காலத்திலிருந்து வேலை செய்கிறார். ஆனாலும் கான்ட்ராக்ட் ஆள்தான். வாய் ஓயாது. கேன்டீன் ரசத்தைப் பற்றி அவர் சொல்லாத குறையில்லை. பிளாஸ்டிங் அறைக்குள் போட்டுக்கொள்கிற காற்றுத் தொப்பியை மாட்டினால்தான் அவர் வாய் மூடும் என்று வெல்டர்கள் கேலி செய்வார்கள். ஆயுத பூஜைக்குப் பொரி மூட்டை வாங்கி வருவதும், மெஷின் மெஷினாக முதலாளி பின்னால் பூஜைத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பதும் அவர்தான். யாரும் அவரை அதற்கு நியமிக்கவில்லை. முதல் வருடம் தட்டைத் தூக்க ஆள் இல்லை, அவர் தூக்கினார், அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் கம்பெனியில் புதிதாக எந்த ஆர்டர் வந்தாலும் முதல் சாமானுக்குப் பூஜை உண்டு. ஓசூரில் நான் பார்த்த கம்பெனிகளில் பாதிக்கு மேல் இந்த வழக்கம் இருக்கிறது. எங்கள் முதலாளி வெட்டுவதற்கு முன்னாலேயே பச்சைத் தகட்டுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்துவிடுவார். அதில் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறவள்தான் நானும். பச்சைத் தகட்டில் என்ன கொட்டினாலும் பின்னால் பிளாஸ்டிங்கில் எல்லாம் போய்விடும்.

இந்த முறை வெள்ளைக்காரர் வருகிறார் என்றதும் முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. பூஜை அவர் முன்னிலையில் நடக்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும். வெட்டும்போது வேண்டாம் என்று தள்ளிவைத்தார். அவர் வருகிற நாளில், காலையில் பாய் ஏணியைப் பிளாஸ்ட் செய்து வெளியே எடுத்து வைத்திருந்தார். வெள்ளையாகப் பளபளக்கிற ஏணி, அதற்குப் பக்கத்தில் மாலை போட்ட வெள்ளைக்காரர். போட்டோவுக்கு அதைவிட என்ன வேண்டும்.

நான் அங்கே இல்லை. ஏன் இல்லை என்று சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். முதல் நாள் மாலை முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, நாளைக்குப் பட்டுப் பொடவ கட்டிக்கினு வந்துரு. பொக்கே குடுக்க லேடீஸ் ஒருத்தர் இருந்தா நல்லாருக்கும்," என்றார். கம்பெனியில் குவாலிட்டிக்குப் பொறுப்பானவள், கடல் பெயின்ட் பற்றிப் படித்துச் சர்ட்டிஃபிகேட் வாங்கினவள், வாசலில் நின்று பூச்செண்டு கொடுத்தேன். கொடுத்த பிறகு, "நீ மேல போயி புரொஜெக்டர் எல்லாம் ரெடி பண்ணி வெய்ம்மா, நாங்க கீழ ஒர்க் ஷாப்புக்குப் போயிட்டு வந்துடறோம்," என்று அனுப்பிவிட்டார்கள். பட்டுப்புடவையோடு நாற்காலிகளை நேராக்கிக்கொண்டிருந்தேன். கீழே அவர்கள் என் ஏணியை நாசம் செய்துகொண்டிருந்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு வெள்ளைக்காரரும் நானும் உப்புச் சோதனைக்கு உட்கார்ந்தோம். அமைதியான மனிதர், என்னோடு வேலையைப் பற்றி மட்டும் பேசினார், அன்றைக்கு எனக்கு அதுவே பெரிய மரியாதையாகத் தெரிந்தது. ஏணியின் மேல்பக்கம் ஒட்டிப் பார்த்தோம், சுத்தம். நடுவில் பார்த்தோம், சுத்தம். கீழ்ப்படியில் பார்த்தபோது மீட்டர் எகிறியது. பட்டையை மாற்றி மறுபடி பார்த்தோம். மறுபடி எகிறியது. அவர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். பெயின்ட் அடிக்க வேண்டாம், உப்பு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துக் காரணம் சொல்லுங்கள், அதன் பிறகு இன்னொரு ஏணி செய்து காட்டுங்கள் என்றார். குரலை உயர்த்தவில்லை. சாயங்காலமே விமானத்துக்குப் போய்விட்டார்.

கார் கேட்டைத் தாண்டியதுமே மீட்டிங் போட்டார்கள். முதலாளி, கன்சல்டன்ட், நான். காரணம் என்ன என்று யோசிக்க அந்தக் கன்சல்டன்ட்டுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்கூடத் தேவைப்படவில்லை.

"வேர்வைதான் சார். பிளாஸ்டிங் பண்ண ஆளு வேர்வையோட கை வெச்சிருப்பான். ஆபரேட்டர் தப்பு, ஆள மாத்திட்டோம்னு எழுதிடுங்க. அவங்களுக்கு அது புரியும், ஃபைலும் மூடிடும்."

இது இங்கே எல்லாருக்கும் கைவந்த வித்தை. ஓசூரில் எந்தக் கம்பெனியில் எந்தச் சாமான் திரும்பி வந்தாலும் கடைசியில் ஆபரேட்டர் தப்பில் போய் முடியும். மெஷின் ஆடினாலும் ஆபரேட்டர், டிராயிங் தப்பானாலும் ஆபரேட்டர். வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். ஆளை மாற்றிவிட்டோம் என்று ஒரு வரி இருந்தால் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். வழக்கமாக அது வெறும் எழுத்தோடு போகும், அந்த ஆள் பக்கத்து மெஷினில் நின்று வேலை செய்துகொண்டிருப்பார். இந்த முறை வெள்ளைக்காரர் மறுபடி வருவார், நேரில் பார்ப்பார் என்பதால் நிஜமாகவே ஆளை மாற்றினார்கள்.

"அவர் கையுறை போட்டுக்கினுதான் சார் வேலை செய்யறாரு," என்றேன். "ஏணிய கிரேன்லதான் எடுத்து வெச்சாங்க. கை எங்க பட்டுது?"

"கழட்டினப்போ பட்டிருக்கும்மா," என்றார் முதலாளி. "கொஞ்ச நாள் வேணாம்னு சொல்லிடறன். அப்பறம் பாத்துக்கலாம்."

கொஞ்ச நாள். ஐம்பதைத் தாண்டிய பிளாஸ்டிங் ஆளுக்குக் கொஞ்ச நாள் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா என்ன. வேறு இடத்தில் நெஞ்சு எக்ஸ்ரே கேட்பார்கள், வயதைக் கேட்பார்கள், இளவயசுப் பையன்களை எடுத்துக்கொள்வார்கள். கான்ட்ராக்ட் ஆள் என்பதால் ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. மறுநாள் காலை கேட்டில் செக்யூரிட்டி அந்த வார்த்தையைச் சொன்னார், பாய் சாப்பாட்டுத் தூக்கோடு திரும்பிப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தேன். பூஜை போட்டோக்கள் வரிசையாக வந்திருந்தன, கீழே கைதட்டல், கும்பிடு. வெள்ளைக்காரர் மாலையோடு சிரிக்கிறார். பாய் தட்டைப் பிடித்துக்கொண்டு, ஏணியின் மேல் பட்டுவிடாமல் இரண்டு அடி தள்ளி நிற்கிறார். அடுத்த போட்டோவில் முதலாளி குனிந்து, ஏணியின் கீழ்ப்படியிலேயே தேங்காயைத் தட்டி உடைக்கிறார். தண்ணீர் தெறிப்பதுகூட நன்றாக விழுந்திருந்தது. அதற்கடுத்ததில் தோளில் கிடந்த துண்டால் அந்தப் படியைத் துடைக்கிறார். போட்டோ எடுத்தவரைப் பாராட்ட வேண்டும், வரிசை தவறாமல் எடுத்திருந்தார்.

இளநீரானாலும் தேங்காய்த் தண்ணீரானாலும் அதில் உப்பு இருக்கிறது. வெயிலில் மயங்கி விழுந்தவருக்கு அதைத்தான் கொடுக்கிறோம். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்த சங்கதி. அந்தக் குரூப்பில் எத்தனை இன்ஜினியர்கள் இருந்தார்கள், அத்தனை பேரும் கும்பிடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மத்திகிரி ஸ்டாப்பில் இறங்க மறந்து அடுத்த ஸ்டாப் வரை போனேன். நடந்து திரும்பும்போது வாய்விட்டே திட்டிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் ஒரு தேங்காய் வாங்கிக்கொண்டு போனேன். பிளாஸ்ட் செய்த துண்டுத் தகடு ஒன்றை எடுத்து, பாதியில் மட்டும் தேங்காய்த் தண்ணீரை ஊற்றி, துணியால் துடைத்து, காய வைத்துச் சோதித்தேன். ஊற்றாத பக்கம் சுத்தம். ஊற்றின பக்கம் மீட்டர் அதேபோல் எகிறியது. தகட்டையும் போனையும் எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன்.

அவர் முட்டாள் இல்லை. போட்டோவைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், உடனே புரிந்துகொண்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"நீ சொல்றது சரிதாம்மா. ஆனா இத வெளிய பேசாத."

"ஏன் சார்?"

"பூஜ பண்ணதால சாமான் கெட்டுப்போச்சுன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? அவன் சிரிக்க மாட்டான்? நம்ம ஆளுங்களுக்குத் தெரிஞ்சா என்னா நெனப்பாங்க, மொத ஆர்டரே சாமி குத்தம்பாங்க."

"பூஜையால கெடல சார். பிளாஸ்டிங் முடிஞ்சப்பறம் பண்ணதால கெட்டுது. முன்னாடி பண்ணியிருந்தா ஒண்ணுமில்ல. கழுவிட்டு மறுபடி பிளாஸ்ட் பண்ணா தீந்துது."

"அதத்தான் நானும் சொல்றன். இனிமே முன்னாடியே பண்ணிரலாம். முடிஞ்சிபோச்சு, விடு."

"பாய்?"

அவர் போனை எடுத்து யாரிடமோ தெலுங்கில் பேச ஆரம்பித்தார். கேட்டால் கெட்ட மனிதர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பாயின் பெண் கல்யாணத்துக்குச் சிங்காரப்பேட்டை வரை குடும்பத்தோடு போய்ப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தவர்தான். தன் கையால் நடந்த ஒரு தவறை ஒரு வரியில் ஒப்புக்கொள்வதைவிட, இத்தனை வருடம் தன்னிடம் இருந்த ஆளை வீட்டுக்கு அனுப்புவது அவருக்குச் சுலபமாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வாரக் கடைசியில் வெள்ளைக்காரரோடு வீடியோ கால். கன்சல்டன்ட் பெங்களூரிலிருந்து சேர்ந்துகொண்டார். வேர்வை, ஆபரேட்டர், ஆளை மாற்றியாயிற்று என்று வழவழவென்று சொல்லிக்கொண்டே போனார். இடையே இந்தியக் கடலில் உங்களுக்கு இருக்கும் வாய்ப்பு என்று அதையும் ஒருமுறை சேர்த்துக்கொண்டார். வெள்ளைக்காரர் என்னைப் பார்த்து, நீங்களும் இதைத்தான் நினைக்கிறீர்களா என்று கேட்டார். முதலாளி மேஜைக்கு அடியில் என் காலை மிதிக்காத குறை.

இல்லை என்றேன். என் இங்கிலீஷ் மத்தூர் அரசுப் பள்ளி இங்கிலீஷ், கோபத்தில் இன்னும் மோசமாக வரும். ஆனாலும் சொல்லிவிட்டேன். தேங்காய், கீழ்ப்படி, துடைத்த துண்டு, தகட்டில் நான் செய்து பார்த்தது எல்லாம் சொன்னேன். தகட்டைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தேன். கன்சல்டன்ட் முகம் திரையில் உறைந்துபோயிற்று. நெட்வொர்க் போய்விட்டதோ என்று நினைத்தேன், அப்படி இல்லை.

வெள்ளைக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, நிம்மதியான சிரிப்பு. எங்கள் ஊரில் கப்பலைத் தண்ணீரில் இறக்கும்போது நாங்களும் பாட்டில் உடைப்போம், ஆனால் பெயின்ட் காய்ந்த பிறகு உடைப்போம் என்றார். காரணம் தெளிவாக இருக்கிறது, எனக்கு இது போதும், அடுத்த ஏணியைச் செய்யுங்கள் என்றார். முதலாளி பயந்த மாதிரி ஒன்றுமே நடக்கவில்லை.

நான் அதோடு விடவில்லை. இந்தத் தவறுக்காக ஒரு தொழிலாளி வேலையிலிருந்து அனுப்பப்பட்டிருக்கிறார், அவர் தவறு செய்யவில்லை என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்றேன். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாக இறங்கியது. மிகவும் பணிவாக, அது உங்கள் கம்பெனியின் உள்விவகாரம், அதில் நாங்கள் தலையிடுவதில்லை என்றார். ஏணியில் ஒரு விரல் படக் கூடாது என்று பக்கம் பக்கமாக விதி வைத்திருக்கிறவர்களுக்கு, அந்த ஏணியைச் செய்த கை எங்கே போனது என்று கேட்க ஒரு விதி இல்லை. அவ்வளவு நேரம் அந்த மனிதர் மேல் இருந்த மரியாதையில் பாதி அங்கேயே கழன்று விழுந்தது.

கால் முடிந்ததும் முதலாளி என்னைக் கடித்துத் துப்புவார் என்று நின்றுகொண்டிருந்தேன். அவர் பெரிய பாரம் இறங்கினவர் போல் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். ஆர்டர் போகவில்லை என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

"பாய வரச் சொல்லும்மா," என்றார். "நான் என்னா அவர வேணாம்னா சொன்னன்."

நானே போன் செய்து சொன்னேன். அன்றைக்கு பஸ்ஸில் உட்கார இடம்கூடக் கிடைத்தது.

பாய் வந்தார். தலைக்குப் புதிதாக மை போட்டிருந்தார். இரண்டாவது ஏணிக்குக் குழாய் வெட்டுகிற நாள் அது, பூஜையை இந்த முறை ஒழுங்காகப் பச்சைக் குழாய்க்கே வைத்திருந்தார்கள். வழக்கம் போல பாய் போய்த் தட்டை எடுத்தார். ஸ்டோர் கீப்பர் குறுக்கே வந்து, சிரித்த முகத்தோடேயே, அவர் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டார்.

"இருக்கட்டும் பாய். உங்களுக்கு எதுக்கு. நீங்க செத்த தள்ளி நில்லுங்க."

முதலாளி கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய் தள்ளி நின்றார். அப்புறம் வேலைக்குப் போய்த் தொப்பியை மாட்டிக்கொண்டார். டீ நேரத்தில் பெஞ்சில் அவருக்கு யாரும் நகர்ந்து இடம் விடவில்லை, அவரும் கேன்டீன் ரசத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

ஸ்டோருக்குப் போய் அந்த ஆளைப் பிடித்தேன். என்ன பழக்கம் இது என்று கேட்டேன். அவர் என்னிடம் மரியாதையாகத்தான் பேசினார்.

"நான் ஒண்ணும் தப்பா நெனைக்கல மேடம். கால்ல நீங்க பேசனது கீழ வரைக்கும் வந்துருச்சு, ஆளுங்க பேசிக்கறாங்க. பூஜ மேல பழி போட்டது பாய் வேலைதானாம். அவர்தான் உங்களுக்கு எடுத்துக் குடுத்தாராம். தன் வேலைய காப்பாத்திக்க சாமி மேல போட்டுட்டாரு, மேடமும் கேட்டுக்கினு வெள்ளக்காரன்கிட்ட சொல்லிட்டாங்கன்னு பேச்சு."

தேங்காய் வாங்கினது நான், சோதித்தது நான், சொன்னது நான். இந்தக் கம்பெனியில் ஒரு பொம்பளை தானாக யோசித்துப் பேசியிருப்பாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பின்னால் ஒரு ஆள் இருந்தாக வேண்டும். அந்த ஆள் யார் என்று முடிவு செய்ய பாய் என்ற பெயரே போதும், அவருடைய தொப்பியைக் கழற்றி முகத்தைப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. என் திமிரை என் கணக்கில் வைத்திருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அதை எடுத்து அவர் தலையில் கட்டினார்கள்.

மறுபடி முதலாளி அறைக்குப் போனேன். எல்லோரையும் கூப்பிட்டு வைத்து ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன்.

"நான் ஒடைச்ச தேங்காயாலதான்னு மைக் போட்டு சொல்லணுமாம்மா?"

"ஆமா சார். சொல்லுங்க."

நான் ஜோக் அடித்ததாக நினைத்துச் சிரித்தார். நாளாவட்டத்தில் எல்லாம் அடங்கிவிடும் என்றார்.

பாய் இரண்டாவது ஏணியைப் பிளாஸ்ட் செய்து கொடுத்தார். அப்படி ஒரு வேலையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை என்று சொல்ல மாட்டேன், எப்போதும் செய்கிற மாதிரிதான் செய்தார். மேலே, நடுவில், கீழே, எங்கே ஒட்டிப் பார்த்தாலும் சுத்தம். பெயின்ட் அடித்தோம், வெள்ளைக்காரர் ஆள் அனுப்பிப் பார்த்து ஒப்புதல் கொடுத்தார். கடல் டெண்டர் மறுபடி தள்ளிப்போயிருக்கிறது, எப்போது வந்தாலும் உங்களிடம்தான் வாங்குவோம் என்று மெயில் வந்தது. வரவேற்பறையில் மாலை போட்ட போட்டோவைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். கன்சல்டன்ட் இப்போது வேறு யாருக்கோ வாய்ப்பைக் காட்டிக்கொண்டிருப்பார். நான் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். கோபத்தை வைத்துக்கொண்டு மத்திகிரியில் வாடகை கட்ட முடியாது.

ஏணிக்கு ஒப்புதல் வந்த வாரத்திலேயே பாய் நின்றுவிட்டார். செக்யூரிட்டியிடம் ஒன்றும் சொல்லாமல், தொப்பியைத் துடைத்து அதன் இடத்தில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். போன் போட்டேன். எல்லை தாண்டி, கர்நாடகா பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார். சம்பளம் குறைவுதான், தினமும் இரண்டு பஸ் மாற வேண்டும்.

"நான் பேசனதாலதான் பாய் இப்பிடி ஆயிடுச்சு. வாய மூடிக்கினு இருந்திருந்தா கொஞ்ச நாள்ல அவங்களே கூப்பிட்டிருப்பாங்க."

"கூப்பிட்டிருக்க மாட்டாங்க மேடம். நீங்க கேட்டதாலதான் கூப்பிட்டாங்க. அந்த ஏணிய முடிச்சிக் குடுத்துட்டுத்தான் வந்தன், வேலைல கொற சொல்லி அனுப்பிட்டாங்கன்னு இருக்கக் கூடாதில்ல."

"அங்க எப்பிடி இருக்குது?"

"இங்க எல்லாம் கன்னடந்தான். எனக்கு அரகொறையா வரும். பேரெல்லாம் யாரும் கேக்கல. தமிழ்க்காரன், தமிழ்க்காரன்னு கூப்பிடறாங்க."

"அப்பிடியா கூப்பிடறாங்க?" என்றேன். எனக்கு மறுபடி கோபம் ஏறிக்கொண்டு வந்தது.

அவர் சிரித்தார்.

"அது பரவால்ல மேடம். நீங்க வந்து நின்னாலும் அதத்தான் சொல்லுவாங்க. நம்ம மொதலாளி வந்தாலும் அதத்தான் சொல்லுவாங்க. எனக்குன்னு தனியா சொல்றது இல்ல."